சின்ன பட்ஜெட்டில் வெப்சைட்டுக்கு ஆள் வரவழைக்க எதில் பணம் போடலாம்?

வெப்சைட் போட்டு முடித்த கையோடு, சிறு தொழில் செய்பவர்களில் பலர் விளம்பரத்துக்கு ஒதுக்கிய தொகையை நாலாகப் பிரித்துவிடுகிறார்கள். கூகுள் விளம்பரத்துக்குக் கொஞ்சம், ஃபேஸ்புக் போஸ்ட்டை பூஸ்ட் செய்யக் கொஞ்சம், எஸ்.இ.ஓ. (கிளிக்குக்குக் காசு கட்டாமல் கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) செய்து தருகிறேன் என்று வந்தவருக்குக் கொஞ்சம், ரீல்ஸ் எடுக்கக் கொஞ்சம். எதிலாவது ஒன்றில் மாட்டாமலா போகும் என்ற நினைப்பு. மூன்று மாதம் கழித்து, நாலில் எது வேலை செய்தது என்று கேட்டால் பதில் இருக்காது. எதிலுமே பலன் தெரியும் அளவுக்குப் பணம் போயிருக்காது.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். தளத்துக்கு வரும் 50 பேரில் சராசரியாக ஒருவர் வாங்குவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விளம்பரத்தில் 50 கிளிக் வந்தாயிற்று, ஒரு விற்பனைகூட இல்லை. விளம்பரம் தோல்வியா? சொல்ல முடியாது. நூற்றுக்கு இரண்டு பேர் வாங்குவார்கள் என்பது உண்மையாகவே இருந்தாலும், முதல் 50 கிளிக்கில் ஒன்றும் விற்காமல் போக 36 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 150 கிளிக் வந்தும் ஒன்றுமில்லை என்ற நிலையில்தான் அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது. அப்போது 'இது நமக்குச் சரிப்படாது' என்று தைரியமாக நிறுத்தலாம். 160 கிளிக்குக்கான பணத்தை நாலு இடத்தில் நாற்பது நாற்பதாகப் போட்டால், நாலைப் பற்றியும் எதுவும் தெரியாமலே பணம் தீர்ந்திருக்கும். ஒரே இடத்தில் போட்டிருந்தால் அந்த ஒன்றைப் பற்றியாவது தெரிந்திருக்கும்.

ஆகவே எதை முதலில் சோதிப்பது என்று முடிவு செய்யத்தான் இந்த ஒப்பீடு. எந்த வழி உசத்தி என்ற பட்டிமன்றம் பெரிய பட்ஜெட்காரர்களுக்கு இருக்கட்டும்.

தேடி வருவாரா, பார்த்து வருவாரா

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் உங்கள் பொருளையே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இதை வாங்குபவர் தானாகத் தேடுவாரா, இல்லை கண்ணில் பட்டால்தான் வேண்டும் என்று தோன்றுமா?

குழாய் உடைந்தவர் தேடுவார். வரிக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாள் நெருங்கியவர் தேடுவார். மடிக்கணினித் திரையில் விரிசல் விழுந்தவரும் தேடுவார். இவர்களுக்கு ஆசையூட்ட வேண்டியதில்லை, தேடும் நேரத்தில் கண்முன் இருந்தால் போதும். மாறாக, கையால் செதுக்கிய மேசை விளக்கை யாரும் காலையில் எழுந்து தேடுவதில்லை. படமோ வீடியோவோ கண்ணில் பட்ட பிறகுதான் 'நம் அறையில் வைத்தால் நன்றாக இருக்குமே' என்று மனம் போகிறது. முதல் வகைக்குத் தேடுபொறி, இரண்டாம் வகைக்குச் சமூக ஊடகம். பெரும்பாலான தொழில்களுக்குப் பாதி முடிவு இங்கேயே ஆகிவிடுகிறது.

மீதிப் பாதி லாபக் கணக்கு. ஒரு விற்பனையில் எல்லாச் செலவும் போகக் கையில் நிற்பதை 100 பங்கு என்று வையுங்கள். 50 பேருக்கு ஒருவர் வாங்கினால், ஒரு கிளிக்குக்கு 2 பங்கு கொடுத்தாலே லாபம் முழுக்க விளம்பரத்துக்குப் போய்விடும். ஒரு பங்குக்குள் கிளிக் கிடைத்தால் பாதி மிஞ்சும். இதே தளத்தைச் சரிசெய்து 50 பேருக்கு இரண்டு பேர் வாங்கும்படி ஆக்கினால், ஒரு கிளிக்குக்கு 4 பங்கு வரை நட்டமில்லாமல் தாங்கும். விளம்பரத்தைத் தொடாமலே உங்கள் பட்ஜெட் இரட்டிப்பான மாதிரி. ஒருமுறை வாங்கியவர் திரும்பத் திரும்ப வரும் தொழில் என்றால் இன்னும் கூடுதலாகவே கொடுக்கலாம். விற்பனைக்கு விற்பனை லாபம் சொற்பமாக நிற்கும் பொருளுக்கு, கிளிக்குக்குப் பணம் கட்டும் வழி பெரும்பாலும் ஒத்துவராது.

தளத்தைச் சரிசெய்வது என்றால் பெரிய வேலை என்று பயப்பட வேண்டாம். மொபைலில் தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போகிறதா? விலையோ, விலை கேட்கும் வழியோ முதல் திரையிலேயே இருக்கிறதா? முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. கேமராவில் எடுத்த படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றிய தளங்கள் பெரும்பாலும் இங்கேதான் அடிவாங்குகின்றன. வேர்ட்பிரஸ் தளம் என்றால் செட்டிங்ஸில் 'ரீடிங்' பக்கத்துக்குப் போய் ஒரு டிக்கைப் பாருங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் டிக் அது. தளம் தயாராகும் வரை போட்டு வைத்துவிட்டு, திறந்த பிறகு எடுக்க மறப்பது சகஜம். அது இருக்கும்வரை எஸ்.இ.ஓ.வுக்குக் கொடுக்கும் பணமெல்லாம் வீண்.

ஓசியில் கிடைப்பதை முதலில்

வாடிக்கையாளர் நேரில் வரும் தொழிலோ, நீங்கள் அவர் இடத்துக்குப் போகும் தொழிலோ என்றால், வேறு எதற்கும் முன் கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் தொழிலைக் காட்டும் பக்கம். முன்பு கூகுள் மை பிசினஸ் என்று இருந்து, 2021 நவம்பரில் பெயர் மாறியது. இதற்குக் கட்டணம் இல்லை. மேப்பில் யாரை மேலே காட்டுவது என்பதற்குக் கூகுள் சொல்லும் காரணங்கள் மூன்று: தேடியதற்கும் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தூரம், தொழில் எவ்வளவு அறியப்பட்டது என்பது. காசு கொடுத்து இந்த இடத்தை உயர்த்த வழியில்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய போட்டியாளரோடு சிறு தொழில் கிட்டத்தட்டச் சமமாக நிற்கக்கூடிய இடம் என்றால் இதைத்தான் சொல்வேன். வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள் என்றால், அந்தத் தூரத்தைப் பணத்தால் யாரும் முந்த முடியாது.

இதில் தவறாமல் செய்ய வேண்டியது சரியான வகையைத் தேர்ந்தெடுப்பது. 'கடை' என்று பொதுவாகப் போடாமல், கிடைப்பதில் ஆகக் குறிப்பான வகையைப் போடுங்கள். தொழிலின் பெயரோடு 'சிறந்த', 'மலிவான' போன்ற சொற்களை ஒட்டுவது விதிமீறல், கணக்கே முடக்கப்படலாம். விமர்சனம் எழுதினால் தள்ளுபடி என்று சொல்வதற்கும் அனுமதியில்லை. வேலை முடிந்து வாடிக்கையாளர் திருப்தியாக இருக்கும் அந்த நேரத்திலேயே விமர்சன லிங்க்கை அனுப்பிக் கேட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் யாரும் எழுதமாட்டார்கள்.

ஒன்று மட்டும். இந்த வழியில் வருபவர்களில் பலர் தளத்துக்கு வராமலே நேராக அழைத்துவிடுவார்கள். தளத்தின் எண்ணிக்கை ஏறவில்லையே என்று வருந்துவதில் அர்த்தமில்லை. அழைப்பு வந்தால் சரி.

தேடல் விளம்பரமா, எஸ்.இ.ஓ.வா

உண்மையான இழுபறி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஒன்று இன்றைக்கே ஆளை அனுப்பும், பணத்தை நிறுத்திய அன்றே நின்றுவிடும். மற்றொன்று மாதக்கணக்கில் எதுவும் தராது, பிடித்துக்கொண்ட பிறகு கிளிக்குக்குக் காசு கேட்காது. எஸ்.இ.ஓ. வேலை செய்து பலன் தெரிய பெரும்பாலும் நாலு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும் என்பது கூகுளே தரும் கணக்கு. கையில் பணம் குறைவு, நேரம் உண்டு என்பவர் எஸ்.இ.ஓ. பக்கம் சாய்வார். நாளைக்கே அழைப்பு வேண்டும் என்பவர் விளம்பரத்தின் பக்கம்.

என் கருத்து, சிறு தொழிலுக்கு இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்தவே கூடாது. முதலில் சின்னதாக விளம்பரம் போட்டு, எந்தச் சொல்லைத் தேடி வருபவர் வாங்குகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு அந்தச் சொற்களுக்கு மட்டும் பக்கம் எழுதுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்கள் எட்டு மாதம் உழைத்து ஒரு சொல்லில் மேலே வந்து, அந்தச் சொல்லைத் தேடுபவர்கள் வாங்குபவர்களே அல்ல என்று கண்டுபிடிக்கிறார்கள்.

விளம்பரத்தில் பணம் எங்கே ஒழுகுகிறது என்பதைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். மரக் கட்டில் செய்து விற்பவர் 'மரக் கட்டில்' என்ற கீவேர்டை (எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நாம் கொடுக்கும் சொல்), எந்தக் குறியும் இல்லாமல் அப்படியே போடுகிறார். அதைக் கூகுள் 'பிராட் மேட்ச்' என்று எடுத்துக்கொள்ளும், அதாவது சம்பந்தம் இருப்பதாகத் தோன்றும் எந்தத் தேடலுக்கும் காட்டலாம் என்று பொருள். ஒரு வாரம் கழித்து, உண்மையில் என்ன தேடியவர்கள் கிளிக் செய்தார்கள் என்று காட்டும் 'சர்ச் டெர்ம்ஸ்' அறிக்கையைத் திறந்தால் இப்படி இருக்கலாம்: 'மரக் கட்டில் செய்வது எப்படி', 'பழைய கட்டில் விற்க', 'கட்டில் டிசைன் படங்கள்', 'தச்சு வேலை சம்பளம்', 'மரக் கட்டில் இரட்டை அளவு விலை'. ஐந்தில் வாங்க வந்தவர் கடைசி ஆள் மட்டும். மற்ற நால்வருக்கும் நீங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள். 'எப்படி', 'பழைய', 'படங்கள்', 'சம்பளம்' ஆகியவற்றை, இவை வந்தால் விளம்பரம் காட்டாதே என்று சொல்லும் விலக்குச் சொற்களாகச் சேர்த்துவிட்டால் அடுத்த வாரம் அந்த ஒழுகல் அடைபடும். கீவேர்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்த அர்த்தம் அடங்கிய தேடல்களுக்கு மட்டும் காட்டும், சதுர அடைப்புக்குள் போட்டால் இன்னும் இறுகும். சின்ன பட்ஜெட்டுக்கு இந்த இரண்டும்தான். கூகுளின் பரிந்துரைப் பக்கம் 'பிராட்'டுக்கு மாறச் சொல்லி அடிக்கடி நச்சரிக்கும், கண்டுகொள்ளாதீர்கள்.

விளம்பரம் தொடங்கும்போது இன்னும் சில இடங்களில் கை வைக்க வேண்டும். தேடலுக்கென்று போட்ட விளம்பரத்தை மற்ற தளங்களிலும் ஆப்களிலும் காட்ட அனுமதிக்கும் 'டிஸ்ப்ளே நெட்வொர்க்' டிக் பல நேரம் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும், எடுத்துவிடுங்கள். இடம் குறிக்கும் பகுதியில், உங்கள் பகுதியில் இருப்பவர்களோடு அந்தப் பகுதியில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்ப்பதுதான் வழக்கமான அமைப்பு. எங்கோ தொலைவில் இருந்து உங்கள் ஊர்ப் பெயரைத் தட்டியவரும் இதில் வந்துவிடுவார். இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றுங்கள். அப்புறம் தினசரி பட்ஜெட். நீங்கள் போட்ட தொகையைப் போல இரண்டு மடங்கு வரை ஒரே நாளில் செலவாகலாம், மாதக் கணக்கில்தான் 30.4 மடங்குக்குள் நிற்கும். முதல் நாளே இரட்டிப்பாகப் போனதைப் பார்த்துப் பதறி விளம்பரத்தை அணைப்பவர்கள் உண்டு.

ஒவ்வொரு தேடலின்போதும் விளம்பர இடத்துக்குக் கூகுள் நடத்தும் ஏலத்தில் பணம் மட்டும் பேசுவதில்லை என்பது சின்னவருக்கு ஆறுதல். கிளிக் விழும் வாய்ப்பு, விளம்பரத்தின் பொருத்தம், தட்டினால் வந்து சேரும் பக்கத்தின் தரம் இவற்றையும் சேர்த்துத்தான் இடமும் விலையும் முடிவாகின்றன. கணக்கில் ஒவ்வொரு கீவேர்டுக்கும் பக்கத்தில் 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண்ணும் காட்டுவார்கள். 'இரட்டை அளவுக் கட்டில்' என்று தேடியவரை முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்காமல் அந்தக் கட்டில் இருக்கும் பக்கத்திலேயே இறக்கினால், விலையும் குறையலாம், விற்பனையும் ஏறலாம்.

இனி எஸ்.இ.ஓ. சொந்தமாகச் செய்தால் செலவு உங்கள் நேரம் மட்டும். தேவையான கருவி கூகுளின் சர்ச் கன்சோல், அதுவும் இலவசம். எந்தத் தேடலில் உங்கள் தளம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் தட்டினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று 16 மாதக் கணக்கு அதில் கிடைக்கும். நிறைய முறை காட்டப்பட்டு, 8 முதல் 15 வரையிலான இடத்தில் நின்று, கிளிக் மட்டும் வராத தேடல்களைப் பாருங்கள். புதிதாகப் பத்துப் பக்கம் எழுதுவதைவிட, அந்தத் தேடல்களுக்கான பழைய பக்கத்தின் தலைப்பைத் திருத்தி, வாங்குபவர் கேட்கும் அளவு, கால அவகாசம், உத்தரவாதம் ஆகியவற்றைச் சேர்ப்பது சீக்கிரம் பலன் தரும்.

எதை எழுதுவது என்பதிலும் காலம் மாறிவிட்டது. 2024 மே மாதத்தில் அமெரிக்காவில் தொடங்கி, தேடல் பக்கத்தின் மேலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கத்தைக் கூகுள் காட்டுகிறது. 'தேக்கு என்றால் என்ன' வகைக் கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டால் உங்கள் பக்கத்துக்கு யார் வருவார்கள்? பொது அறிவுக் கட்டுரைகளைக் குவிப்பதை விட்டுவிட்டு, நீங்கள் மட்டுமே சொல்லக்கூடியதை எழுதுங்கள். செய்து முடித்த வேலைகளின் படங்கள், எவ்வளவு நாள் ஆனது, எந்த வேலையை எடுத்துக்கொள்ள மாட்டீர்கள், இந்த மாதிரி.

மற்ற தளங்கள் உங்கள் தளத்துக்கு லிங்க் கொடுத்தால் தேடலில் மேலே வரலாம் என்பதற்காக, காசுக்கு லிங்க் வாங்கித் தரும் வேலை மட்டும் வேண்டாம். 2012-இல் வந்த 'பெங்குவின்' மாற்றத்திலிருந்தே கூகுள் இதைத் துரத்திக்கொண்டிருக்கிறது. உங்களுக்குச் சரக்கு தருபவர், நீங்கள் உறுப்பினராக உள்ள தொழில்துறைச் சங்கம், நீங்கள் வேலை செய்துகொடுத்த நிறுவனம் ஆகியோரின் தளங்களில் உங்கள் பெயரும் முகவரியும் இடம்பெறக் கேட்டுப் பாருங்கள். பைசா செலவில்லை.

சமூக ஊடகம்

கண்ணால் பார்த்து ஆசைப்பட வேண்டிய பொருளுக்கு இதுதான் வழி, சந்தேகமில்லை. ஆனால் வெப்சைட்டுக்கு ஆள் வரவழைப்பது அந்தத் தளங்களின் நோக்கமல்ல. வந்தவரை உள்ளேயே வைத்திருப்பதில்தான் அவர்களுக்கு வருமானம். இன்ஸ்டாகிராம் போஸ்ட்டின் கீழே எழுதும் லிங்க்கைத் தட்டினால் எங்கும் போகாது. ஃபேஸ்புக் 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கு முன்னுரிமை கொடுப்பதாக அறிவித்த பிறகு, தொழில் பக்கங்கள் போடுவது இலவசமாகப் பலரைச் சென்றடைவது மேலும் சுருங்கியது. லைக் ஆயிரம் விழுந்து, தளத்துக்கு வந்தவர் ஒன்பது பேர் என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அங்கேயே மெசேஜில் ஆர்டர் எடுத்து முடிக்க முடிகிறதென்றால் அப்படியே முடியுங்கள். வெப்சைட் வழியாகத்தான் வர வேண்டும் என்று வாடிக்கையாளரை அலைக்கழிக்க வேண்டிய அவசியம் என்ன?

பணம் போடுவதென்றால் பூஸ்ட் பட்டனை விட்டுவிட்டு, முழு விளம்பரக் கருவியான ஆட்ஸ் மேனேஜருக்குள் போங்கள். பூஸ்ட் எளிதுதான், ஆனால் இலக்கையும் ஆட்களையும் தேர்ந்தெடுக்கும் வசதி அதில் குறைவு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் விளம்பரம் சரியான ஆட்களைக் கற்றுக்கொள்ள ஒரு ஆட் செட்டுக்கு (ஒரே ஆட்களைக் குறிவைக்கும் விளம்பரத் தொகுப்பு) வாரத்துக்குச் சுமார் 50 பலன்கள் தேவை என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. விற்பனையைப் பலனாக வைத்தால் வாரம் 50 விற்பனை வேண்டும், அது இருந்தால் நீங்கள் ஏன் இந்தக் கட்டுரையைப் படிக்கப் போகிறீர்கள்? விலை கேட்டு மெசேஜ் அனுப்புவதைப் பலனாக வையுங்கள், ஆட் செட்டை ஒன்றோடு நிறுத்துங்கள். 2021 ஏப்ரலில் ஐஃபோன்களில் பயனரைப் பின்தொடர ஆப்கள் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றான பிறகு, விளம்பரக் கணக்கில் காட்டும் விற்பனை எண்ணிக்கை முழுமையாக இருப்பதில்லை. உங்கள் ஆர்டர் நோட்டையும் கூடவே வைத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள்

பலரும் கடைசியாக நினைப்பது இதை, எல்லாவற்றிலும் மலிவானதும் இதுதான். சம்மதித்துக் கொடுத்த மின்னஞ்சல் முகவரி இருநூறு இருந்தாலே போதும். எழுத ஏதாவது இருக்கும்போது மட்டும் எழுதுங்கள். முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்கவே வாங்காதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், அனுப்புபவர் யாராக இருந்தாலும் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஆயிரம் பேரில் மூன்று பேர் எரிச்சல்பட்டுப் பட்டனை அழுத்தினால் முடிந்தது. மடல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். அமைப்புகளைத் தளத்தைக் கட்டியவரிடம் சொல்லிப் போடச் செய்யுங்கள். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்ப வேண்டாம். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதிக்குப் பிறகு, திறக்காத மடலும் திறந்ததாகக் காட்டும். லிங்க்கைத் தட்டியவர்களை எண்ணுங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டும் நல்ல வழிதான், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும்.

'பத்தாயிரம் விசிட்டர் உத்தரவாதம்' என்று விற்கப்படும் டிராஃபிக்கைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. எண்ணிக்கை ஏறும். தளத்துக்கு வந்தவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிடிக்ஸில், 10 விநாடிக்கு மேல் நின்றவர்களையும் இரண்டு பக்கம் பார்த்தவர்களையும் எண்ணும் 'என்கேஜ்டு செஷன்' வரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கிடக்கும்.

அப்படியென்றால் முதல் பணம் எதில்?

அவசரத் தேவைக்கான சேவை என்றால் பிசினஸ் புரொஃபைலைச் சரிசெய்துவிட்டு, பட்ஜெட் முழுவதையும் தேடல் விளம்பரத்தில் ஐந்தாறு இறுக்கமான கீவேர்டுகளுக்குப் போடுங்கள். பார்த்து ஆசைப்படும் பொருள் என்றால் ஒரே ஒரு சமூகத் தளம், ஒரே ஒரு விளம்பரம். யோசித்து, நாலு இடத்தில் விசாரித்து, மாதக்கணக்கில் முடிவெடுக்கும் சேவைகளுக்கு, உதாரணமாகக் கணக்குத் தணிக்கை, கட்டட வடிவமைப்பு போன்றவற்றுக்கு, எஸ்.இ.ஓ.வும் மின்னஞ்சலும்தான் பொருத்தம். கிளிக்குக்கு விலை அதிகம் உள்ள துறைகளில் விளம்பரத்தை நம்பி இறங்கினால் 150 கிளிக்குக்கு முன்பே பணம் தீர்ந்துவிடும். லாபம் சொற்பமான பொருளுக்குப் பழைய வாடிக்கையாளர் பட்டியலைத் தவிர வேறு எதிலும் பணம் போடாமல் இருப்பதே நல்லது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், வெளியே கொடுக்கும் ஒவ்வொரு லிங்க்கிலும் யு.டி.எம். குறியை, அதாவது வந்தவர் எங்கிருந்து வந்தார் என்று அனலிடிக்ஸில் காட்டும் குறியை, சேர்த்துக் கொடுங்கள். புரொஃபைலுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, பேக்கிங்கில் ஒட்டும் கியூஆர் கோடுக்கு ஒன்று. அழைத்தவரிடம் 'எங்கே பார்த்தீர்கள்?' என்று கேட்டு எழுதி வைப்பதையும் விடாதீர்கள்.

வெளியாளிடம் வேலையைக் கொடுப்பதென்றால் 'கூகுளில் முதலிடம் உறுதி' என்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. நம்பிக்கையானவர் கிடைத்தாலும் டொமைன் (தளத்தின் இணைய முகவரி), விளம்பரக் கணக்கு, அனலிடிக்ஸ், சர்ச் கன்சோல், பிசினஸ் புரொஃபைல் ஐந்தையும் உங்கள் மின்னஞ்சலில் திறந்து, அவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். அவர் பெயரில் கணக்கு இருந்தால், பிரியும் நாளில் எந்தச் சொல் விற்றது, எது விற்கவில்லை என்ற கணக்கும் அவரோடு போய்விடும். நீங்கள் மறுபடி முதல் கிளிக்கிலிருந்து காசு கட்டிப் படிக்க வேண்டியிருக்கும்.